சகாயராணியின் புறங்கை

மிஷின்களைத் தாண்டும்போது சகாயராணி ஒவ்வொன்றின் ஓரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நடப்பாள். அகரம் பக்கத்து நூல் மில்லில் பத்தொன்பது வருசமாக அப்படித்தான். உள்ளே பேரிங் சூடேறினால் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். யாரையும் கேட்காமல் சுவிட்சை அமத்துவாள். பழைய முதலாளி, "சகாயம் நிறுத்துனா காரணம் இருக்கும்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. அஞ்சாவதோடு படிப்பை விட்டவளுக்கு அந்தச் சொல்தான் பதவி.

அவர் காலமானதும் மகன் வந்தார். கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து, யாருக்குக் கீழே யார் என்று கட்டம் போட்ட ஒரு பலகையை மில் கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். மேலே எல்லாக் கட்டத்திலும் ஒரு பேர். கடைசிக் கட்டத்தில் மட்டும் 'தொழிலாளர்கள்' என்று மொத்தமாக. இனிமேல் மிஷினை நிறுத்த, தொழிலாளி சூப்பர்வைசரிடம் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் மேனேஜரைக் கேட்க வேண்டும். தானாக நிறுத்தினால் வேலை போகும்.

"ஒம் பேரத் தேடுறியாக்கா? தரைக்குக் கீழ இருக்கும், தோண்டிப் பாரு" என்றாள் கூட வேலை பார்க்கும் மணிமேகலை.

ஆடி மாசத்தில் ஒரு மத்தியானம் ஏழாம் நம்பர் மிஷின் கொதித்தது. சகாயராணியின் கை சுவிட்ச் வரைக்கும் போய்த் திரும்பியது. சீட்டில் எட்டு வரி நிரப்ப வேண்டும், அதற்கு நேரமில்லை. சூப்பர்வைசர் முகேஷ்குமாரிடம் ஓடினாள்.

"தம்பி, ஏழு கொதிக்குது. அமத்தச் சொல்லுங்க."

"மேனேஜர் மீட்டிங்ல இருக்காருக்கா. செத்த நேரம் பொறுங்க. நானா அமத்துனா எனக்கு வேலை இருக்காது."

செத்த நேரத்தில் பஞ்சு பற்றிக்கொண்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிஷின் பாதிக்கு மேல் கருகிப்போனது.

விசாரணையில் மேனேஜர் கேட்டார். "எழுதிக் கொடுத்தீங்களா?"

"வாயால சொன்னேங்கய்யா."

"யாருகிட்ட?"

முகேஷ்குமாரைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கிட்ட யாரும் சொல்லல சார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்ன முதலாளி குறுக்கே கேட்டார். "இம்புட்டு வருசமா நிறுத்துன கைதானே? அன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

கட்டம் போட்டது நீங்கதானய்யா என்பது தொண்டை வரைக்கும் வந்தது. மகளுக்குக் காலேஜில் கடைசி வருசம். விழுங்கிக்கொண்டாள்.

முகேஷ்குமாரின் பேர் இப்போது ஒரு கட்டம் மேலே இருக்கிறது. சகாயராணி தரையில் விழும் கழிவுப் பஞ்சைக் கூட்டி அள்ளுகிறாள். எந்த மிஷினையும் அவள் தொடுவதில்லை.