டேப் சுற்றிய தெப்பம்

நான் எலக்ட்ரீஷியன். எங்கள் ஊர்க் குளத்துத் தெப்பத்துக்கு, அதாவது சாமி ஏறுகிற சின்னப் படகுக்கு, போன வருஷம் புதுசாக வயர் போட்டேன்.

சாமான் வாங்க திருத்தணி போனபோது கடைக்கார பாய், ரப்பர் வளையம் வைத்த கனெக்டரை எடுத்துப் போட்டார். "இதுல தண்ணி எறங்காது."

"நாப்பது ஜாயின்ட்டுக்கும் இத மாட்டிகினு உக்காந்தா திருவிழாவே முடிஞ்சிடும் பாய். சாதா கனெக்டர் குடுங்க, டேப் சுத்திக்கறேன்."

"தண்ணி உன் டேப்ப கேட்டுகினா உள்ள போவும்?" என்றார். சிரித்துவிட்டு வந்தேன்.

திருவிழா அன்று சாயங்காலம் தெப்பம் நடுக்குளத்துக்குப் போனது. அதில் இருந்த ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள என் அக்கா புருஷன் நின்றிருந்தார். பாவா என்றுதான் கூப்பிடுவேன். சாமி இருக்கிற இடம் என்பதால் வெறுங்கால், கீழே ஈரப் பலகை. நான் வயர் சுற்றியிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்தவர் உடம்பு உதற ஆரம்பித்தது.

"சாமி வந்துட்சி!" என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

"கரண்ட்டு! ஆஃப் பண்ணுங்க!" என்று கரையிலிருந்து கத்தினேன். அரோகரா சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. எனக்கு நீச்சலும் தெரியாது. பக்கத்தில் ஒரு அம்மா கற்பூரம் ஏற்றினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கால் மடிந்து பாவா தண்ணீரில் விழுந்த பிறகுதான் கம்பி கையை விட்டது. கயிறு இழுத்தவர்கள் குதித்துத் தூக்கினார்கள்.

பிழைத்துவிட்டார். இரண்டு விரல் மட்டும் மடங்கவில்லை. சாமி வந்த கை என்று இப்போது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு விபூதிக்கு வருகிறார்கள். போன வாரம் என் நெற்றியிலும் அந்த விரலாலேயே பூசினார்.

குனிந்து வாங்கிக்கொண்டேன். டேப் சுற்றிய விஷயம் இன்னும் பாய்க்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.