பெண் வேண்டாத மாப்பிள்ளை தேவை

உபதேசியார் வேலையில் ஜெபம் சொல்வதும் கோவில் மணி அடிப்பதும் சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவதும் சுலபம். ஊரான் பெற்ற பிள்ளையைச் சாமியாராக அனுப்பு என்று கேட்டு அவன் வீட்டு வாசலில் நிற்பதுதான் கஷ்டம். கல்யாணத் தரகனாவது மாப்பிள்ளைக்குப் பெண் தேடுகிறான். நான் பெண்ணே வேண்டாம் என்கிற மாப்பிள்ளையைத் தேடினேன். இன்ஷ்யூரன்ஸ் பிடிக்கவும், ஓட்டுக் கேட்கவும், வரன் சொல்லவும் படியேறி, மோர் மட்டும் குடித்துவிட்டு இறங்கி வந்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்குமா இறங்காதா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் பங்குச் சாமியார் வயதான பிரெஞ்சுக்காரர். புத்தகத் தமிழ் பேசுவார். ஒரு நாள் பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "உபதேசியாரே, இத்தனை வருடத்தில் இந்தப் பங்கிலிருந்து ஒரு குருவானவர்கூட உண்டாகவில்லை. நான் மரித்தால் என் குழிக்கு மந்திரிக்கவாவது இந்த ஊரான் ஒருவன் வேண்டாமா?" என்றார். கண் கலங்கியிருந்தது. தேடித் தருகிறேன் சாமி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வீட்டு ஒத்திகை

போகிற இடத்தில் உளறக் கூடாதென்று முதலில் வீட்டிலேயே பேசிப் பார்த்தேன். என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பெரியவள் ஒரு பக்கம் அழுகிறாள், நடுவிலவன்கள் இரண்டு பேரும் ஒரு பம்பரத்துக்காகக் கட்டிப் புரள்கிறார்கள், தூளியில் கைக்குழந்தை. போதாததற்கு அவளுக்கு மறுபடியும் மசக்கை. நான் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, கன்னிமை என்பது வானதூதர்களாகிய சம்மனசுகளின் புண்ணியம், இல்லற பாரமில்லாத வாழ்வின் மகிமை எப்பேர்ப்பட்டது என்று ஆரம்பித்தேன்.

அவள் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "நல்லாத்தான் இருக்குங்க. அந்தத் தூளிய ஆட்டிக்கிட்டே சொல்லுங்க."

மூன்றாவது வார்த்தைப்பாடு

முதலில் போனது சவரிமுத்து வீட்டுக்கு. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் அவருக்குப் பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தமாகும் 'சொல்தா' என்றே பெயர். மூன்று ஆண் பிள்ளைகள். ஒருவனைக் கேட்டால் குறைந்தா போய்விடுவார் என்பது என் கணக்கு.

மரியாதையாக நாற்காலி போட்டார். சாமியாராகிறவன் எதையெல்லாம் விட வேண்டும் என்று விவரம் கேட்டார். தரித்திரம், கீழ்ப்படிதல், கற்பு என்று மூன்று வார்த்தைப்பாடுகளைச் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, மனைவி சந்தானம்மாள் அடுப்படியில்தான் இருக்கிறாள் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பட்டாளத்துல தரித்திரம் பாத்திருக்கேன், கீழ்ப்படிதலும் பாத்திருக்கேன். அந்த மூணாவது மட்டும் எங்க ரெஜிமெண்ட்லயே யாருக்கும் பழக்கமில்லீங்க உபதேசியாரே."

மரைக்காயர் சொன்ன காரணம்

வெயிலில் அலைந்துவிட்டு ஒரு மரைக்காயர் ஜவுளிக் கடையில் ஒதுங்குவது என் வழக்கம். பழைய சிநேகிதர். கப்பல் வியாபாரம் பார்த்த குடும்பம். என் முகத்தைப் பார்த்தே நாள் எப்படிப் போயிற்று என்று சொல்லிவிடுவார். அன்று அனுதாபமாக சர்பத் வரவழைத்துக் கொடுத்து, என்ன கஷ்டம் என்று விசாரித்தார். நெரவியிலிருந்து கடற்கரை வரை நடந்தும் ஒரு பையன் கிடைக்கவில்லை, சாமியார் பஞ்சம் வந்துவிட்டது என்று புலம்பினேன்.

அவர் துணியைக் கிழிப்பதை நிறுத்திவிட்டு, எனக்கே பாடம் சொல்லித் தருகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "எங்க பள்ளிவாசல் லெப்பை நாலு புள்ள பெத்து, அதுல ஒண்ண லெப்பையாக்கிடுறாரு. உங்க சாமியாரு ஊரான் பெக்குற புள்ளய நம்பி உக்காந்திருக்காரு. பஞ்சம் வராம என்ன வரும்?"

ரோசாலிக்கு வந்த அழைத்தல்

ஆளே கிடைக்காமல் இருந்தபோது, தேடாமலே ஒருத்தி வந்தாள். 'மேரி' என்று நாங்கள் சொல்லும் நகரசபை ஆபீசில் சேவகராக இருந்தவரின் மகள் ரோசாலி. கோவில் வாசலில் என்னை மறித்து, "நான் கன்னியாஸ்திரியாகணும். இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றாள். ஆடிப்போய்விட்டேன். ஆண் கேட்டேன், சர்வேசுரன் பெண் கொடுத்தார், அதுவும் கணக்கில் சேரும் என்று கன்னியர் மடத்துக்கு அழைத்துப்போய் அங்கே தலைவியான பிரெஞ்சுக்கார மதரிடம் விட்டேன்.

சாயங்காலமே அவள் அப்பா என் வீட்டில் வந்து நின்றார். நாகப்பட்டினத்தில் நெல் மில் வைத்திருக்கிற ஒருவருக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்களாம். மாப்பிள்ளை அப்பாவை விட ஒரு வயது சின்னவர். முதல் தாரம் தவறியவர். "எம்மவளுக்கு தேவ அழைத்தலும் இல்ல, ஒண்ணுமில்ல. அந்த ஆளப் புடிக்கல, அவ்வளவுதான். நீங்க குடி கெடுத்துட்டீங்க!" என்று தெருவே கேட்கக் கத்தினார். இருவருமாக மடத்துக்கு ஓடினோம். ரோசாலி மதரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஆமா, புடிக்கலதான். கிணத்துல விழறதா, இங்க வர்றதான்னு யோசிச்சேன். இங்க வந்தேன்" என்றாள். அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு தூரம் போகும் என்று அவர் நினைக்கவில்லை.

மதர் அவளுக்கு உடுப்பும் கொடுக்கவில்லை, அவளைத் திருப்பி அனுப்பவும் இல்லை. இங்கேயே தங்கிப் படிக்கட்டும், பிறகு அவளே சொல்லட்டும் என்றார். அப்பா தலையாட்டினார். மில் மாப்பிள்ளைக்கு ஆள் அனுப்பிச் சம்பந்தத்தை முறித்ததும் அவரேதான். எனக்குத்தான் சங்கடம். அழைத்தல் என்று நம்பிக் கொண்டுவந்தேன், ஓடிவந்தவளாகப் போய்விட்டாளே என்று மன்னிப்புக் கேட்டேன். மதர் சன்னல் பக்கம் பார்த்தபடி தன் பிரெஞ்சுத் தமிழில் சொன்னார்:

"நானும் அப்படித்தான் ஓடி வந்தேன், உபதேசியாரே. என் மாப்பிள்ளை பன்றி வளர்த்தவர்."

எல்லையில் சோதனை

இதற்குள் சவரிமுத்து வீட்டில், ஒரு பிள்ளையைச் சாமிக்குக் கொடுத்தே தீருவேன் என்ற சந்தானம்மாள் ஜெயித்துவிட்டாள். கடைசிப் பையன் இஞ்ஞாசியைப் பாண்டிச்சேரி குருமடத்துக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. மேளம், மாலை, கோவிலில் விசேஷ பூசை எல்லாம் அமர்க்களப்பட்டது. நான்தான் துணைக்குப் போனேன். பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் சுங்கக்காரர் பஸ்ஸை நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். "சாமியாராகப் போற பையன் சார்" என்றேன் பெருமையாக.

பெட்டியில் வேட்டி, ஜெபமாலை, முறுக்கு. அவற்றுக்கு அடியில் துண்டில் சுற்றிய ஒரு புட்டி. குருமடத்து அதிபருக்கு மரியாதை செய்ய சவரிமுத்து எங்களுக்கே தெரியாமல் வைத்த கோனியாக் பிராந்தி! எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. பூசைக்கு வைக்கிற திராட்சை ரசம் என்று ஒருவழியாகச் சொன்னேன். அவர் மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு முறை முகர்ந்தார். பையனைப் பார்த்தார். அவன் பயத்தில் பரமண்டல மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அதில் அவருக்கு மனசு இளகியிருக்க வேண்டும்.

"பையன சாமிக்குக் கொண்டு போங்க. புட்டி சர்க்காருக்கு இருக்கட்டும்."

திரும்பி வந்தவன்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த இஞ்ஞாசி திரும்பிப் போக மாட்டேன் என்றுவிட்டான். மேளம் கொட்டி அனுப்பிய தெரு சும்மா இருக்குமா? "பூசை எப்போ வைக்கிறீங்க சாமி?" என்று அவனைக் கண்ட இடத்தில் கேட்டார்கள். சந்தானம்மாள் கோவிலில் முன்வரிசையை விட்டுக் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் உட்கார ஆரம்பித்தாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

பங்குச் சாமியார் ஒரு மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே நடந்தார். தெரு பார்க்க உட்கார்ந்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசைக்கு நீதான் பீடத்தில் உதவி செய்ய வேண்டும் என்று இஞ்ஞாசியிடம் சொன்னார். சந்தானம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிளம்பும்போதுதான் சாமி அவனிடம் மெதுவாகக் கேட்டார், அங்கே யாராவது அடித்தார்களா, ஏன் வந்துவிட்டாய் என்று.

பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "ஒன்னக் கூப்பிட்டது சர்வேசுரன்தானான்னு அதிபர் சாமி கேட்டாங்க. இல்ல சாமி, உபதேசியாருதான்னு சொன்னேன்."

கடைக்காரச் சின்னப்பன்

கொடி இறங்கிய பிறகு ஒரு நாள் சாராயக்கடைச் சின்னப்பன் வந்தான். அப்பாவின் கடையில் கல்லாவில் உட்காருகிற வாலிபன். அவன் வீட்டுப் படியை நான் மிதித்ததே இல்லை. சாராயக்கடையில் போய் தேவ அழைத்தலைத் தேடுவதா? பங்குச் சாமியாரின் பங்களாவுக்குள் போய் அவர் முன்னால் முழங்காலில் நின்று, குருமடத்தில் சேர்த்துவிடுங்கள் என்றான். சாமி நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். யாரையாவது காதலித்து ஏமாந்தாயா, அப்பாவோடு சண்டையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். பிறகு எதனால் இந்த எண்ணம்?

சின்னப்பன் கொஞ்சம் கூச்சப்பட்டான். "எல்லைக்கு ரெண்டு பக்கத்து ஆளுங்களும் குடிச்சுப்புட்டு எங்கிட்டதான் எல்லாத்தையும் சொல்லி அழுவுறாங்க சாமி. பாவசங்கீர்த்தனம் கேக்குற வேலை பழகிப்போச்சு. மன்னிச்சு அனுப்பத்தான் எனக்கு அதிகாரம் இல்ல."

அவனை வழியனுப்பிய ஞாயிறு, இந்த ரத்தினத்தைக் கண்டெடுத்தவர் நம் உபதேசியார்தான் என்று சாமி பிரசங்கத்தில் என்னைப் பாராட்டினார். பிரசங்கத்தில் குறுக்கே பேசுவது மரியாதையில்லை என்பதால் நானும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.