பக்கத்து சீட்டின் எடை

என் அத்தானுக்குப் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிற வேலை. உயிர் மட்டும் வீட்டு ஷெட்டில், இரண்டு கதவு வைத்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கார் சங்கத்தார் மலைப்பாதையில் பந்தயம் வைப்பார்கள். ஒவ்வொரு காராக ஏற வேண்டும். சீக்கிரம் ஏறியவருக்குக் கோப்பை. அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வரப்போகிற வளைவுகளை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு போவாள். "வலது, இறுக்கம். இப்ப நேரா, நல்லா மிதிங்க. இடது, மெதுவா." அவள் சொல்லி அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அங்கே மட்டும்தான். கோப்பை ஒன்றும் வந்ததில்லை. ஆனால் இறங்கி வரும்போது இரண்டு பேர் முகத்தையும் பார்க்க வேண்டும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

அதே காரை, இன்ஜின் சக்தியைக் கூட்டுகிற டர்போ வைத்தும் கம்பெனி விற்றது. எடை நன்றாகவே கூடுதல். அத்தானுக்கு அதில் ஒரே இளக்காரம்.

"டர்போ ஒரு தேங்காய் அளவுதான் இருக்கு. மிச்ச எடையெல்லாம் எதுக்காம்? நான் டர்போவை மட்டும் மாட்டப் போறேன். இந்தத் தடவை கோப்பை நமக்குத்தான்."

"கம்பெனிக்காரங்களுக்குத் தோணாதது உங்களுக்குத் தோணிடுச்சாக்கும்" என்றேன். மச்சினிக்கு வாய் நீளம் என்றார்.

மாட்டினார். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, டர்போ காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளியது. அமுக்கிய காற்று சூடாகுமே, அதை ஆற்ற ஒரு கூலர், கூலருக்குக் குழாய்கள். இன்ஜின் சூடு தாங்காததால் பெரிய ரேடியேட்டர். கூடுதல் இழுவையில் கியர்பாக்ஸ் பல் உடைந்தது. கனமானதாக வேறொன்று வந்தது. வேகமாகப் போகிற வண்டி நிற்கவும் வேண்டுமே என்று பிரேக்கும் பெரிதானது. ஒரு விருந்தாளியைக் கூப்பிட்டால் குடும்பமே பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய கதைதான். கடைசியில் கம்பெனிக்காரன் செய்ததையே ஒன்று விடாமல் அத்தானும் செய்து முடித்தார்.

அப்புறம் எடையைக் குறைக்கிற பைத்தியம் பிடித்தது. பின் சீட்டு, தரைவிரிப்பு, ரேடியோ, ஸ்டெப்னி எல்லாம் ஷெட் மூலைக்குப் போயின. பந்தயத்துக்கு முந்தின வாரம், லாரிகளை எடை போடும் மேடைக்கு அக்காவும் அத்தானும் காரில் போனார்கள். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். அத்தான் காரின் பழைய எடையைச் சொன்னார். மேடைக்காரர் எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய எடைக்கு வரணும்னா அம்மா இறங்கணும் சார்" என்று சிரித்தார்.

அக்காவும் சிரித்துக்கொண்டே இறங்கினாள். அத்தான் சிரிக்கவில்லை. எண் குறைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பார்த்ததை அக்கா பார்த்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்கலாம் போல இருந்தது.

அந்த வருஷம் பக்கத்து சீட்டையும் கழற்றிவிட்டுத் தனியாக ஏறினார். முதல் பரிசு. கோப்பையைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார்.

"நல்லதுங்க. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.

அந்த ஒரு பதிலிலேயே மனிதர் ஆடிப்போய்விட்டார். அடுத்த மாதத்துக்குள் டர்போவையும் அதன் சொந்தபந்தங்களையும் கழற்றிப் போட்டு, சீட்டைத் திரும்பப் பொருத்தினார். மறு வருஷம் அக்காவைப் பந்தயத்துக்குக் கூப்பிட்டபோது, "நான் வந்தா கனம்ங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் பந்தயத்துப் பக்கமே போகவில்லை.

காரை விற்றுப் பல காலம் ஆகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மூவரும் அதே மலைப்பாதையில் பஸ்ஸில் போனோம். இருவரும் முன்னால், நான் பின் சீட்டில். முதல் திருப்பம் வந்ததும் அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே, மெல்ல, "வலது, இறுக்கம்" என்றாள். அத்தான் சட்டென்று நிமிர்ந்தார். அவருடைய கால் பஸ்ஸின் தரையில் பிரேக்கை மிதித்தது.

மேலே போய்ச் சேரும்வரை அவள் ஒரு வளைவைக்கூட விடவில்லை. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டே மிதித்துக்கொண்டிருந்தார்.