பன்னிரண்டாவது பூதம்

வேலை செய்யும் இடத்தில் அவளுக்குப் பல்லக்கா என்றுதான் பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்துப் பல் செட் செய்து தரும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறாள். ஆளின் முகம் தெரியாது. வாய் மட்டும் மாவுக்கட்டியாக வந்து மேசையில் உட்காரும். "இந்த மனுஷன் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறவர், பாவம் பெண்டாட்டி" என்பாள்.

அவளுடைய தம்பி கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவன். வீடியோ கேம் ஒன்று செய்யலாம் என்று அவன் வந்து நின்றபோது, படம் வரைகிற வேலை அவள் தலையில் விழுந்தது. ஏரி, படகு, தூண்டில். மீன் சிக்கினால் கூடையில் போட்டுக்கொள்ளலாம். தூண்டில் திடீரென்று கனத்தால் வருவது பூதம். அதன் வாயில் எங்கோ ஒரு சொத்தைப் பல் இருக்கும். தேடிப் பிடித்துத் துடுப்பால் அடித்தால்தான் பூதம் பணியும். சொத்தைப் பல் அவள் யோசனை. "உனக்கு வேற எதுவுமே தோணாதா?" என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் சமையலறை மேசையில் வேலை நடந்தது. மூன்று வருஷத்தில் பதினொரு பூதங்கள் தயார். பன்னிரண்டாவதில் வந்தது வினை. அதற்கு அவள் பல்லே வரையவில்லை.

"எங்கேக்கா அடிக்கிறது?"

"அடிக்க வேண்டாம். அது சும்மா வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

"இவ்வளவு தூரம் விளையாடி வந்தவன் நம்மைச் சும்மா விடுவானா?"

வார்த்தை தடித்தது. "நீ எதைத்தான்டா உருப்படியா முடிச்சிருக்கே?" என்று கேட்டுவிட்டாள். பாதியில் நின்ற படிப்பு, முறிந்துபோன கல்யாணம் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தன. அவன் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

ஏழு மாதம் பேச்சில்லை. தானே முடித்துவிடலாம் என்று தன் கம்ப்யூட்டரில் அவன் விட்டுப்போன புரோகிராம் பிரதியைத் திறந்து பார்த்தாள்; ஒரு மண்ணும் புரியவில்லை. ஒரு வரியைத் தொட்டதும் படகு வானத்தில் பறந்தது.

ஒரு சாயங்காலம், கூடத்தில் எல்லோரும் கிளம்பியபின், அவனுக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா?" குரலில் ஒட்டுதல் இல்லை.

"அம்மாவுக்குப் பல் செட் செஞ்சேன்டா."

கேம் வேலை தொடங்குமுன்பே போய்விட்ட அம்மாவுக்குக் கடைசி நாலு வருஷமும் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்தவள், பெற்றவளுடையதை "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று தள்ளிக்கொண்டே போனாள். செட் முடிந்தபோது அம்மா இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள்.

"அம்மா அதை எதிர்பார்த்துட்டு இருந்தாளாடா?"

"ஒரு தடவை என்கிட்ட கேட்டா. அக்கா மறந்துட்டாளான்னு. நான்தான் உன்கிட்ட சொல்லல. நீ வருத்தப்படுவேன்னு விட்டுட்டேன்."

போனைக் காதில் வைத்தபடியே அவள் விளக்கை அணைத்துக் கூடத்தைப் பூட்டினாள்.

அந்த ஞாயிறு அவன் வந்தான். மன்னிப்பு, சமாதானம் என்று எதுவும் இல்லை. "படத்தைக் காட்டு" என்றான். சாயங்காலத்துக்குள் எழுதிவிட்டான். பன்னிரண்டாவது பூதத்தை எவ்வளவு அடித்தாலும் ஒன்றும் ஆகாது. அதுவும் திருப்பி அடிக்காது. துடுப்பைக் கீழே வைத்தால், படகின் விளிம்பில் கொஞ்சநேரம் தாடையைச் சாய்த்து வைத்திருந்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடும்.

கேம் வெளிவந்தது. விளையாடியவர்கள் சொற்பம். "கடைசியில் சண்டையே இல்லை, ஏமாற்று வேலை" என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், நாற்பது நிமிஷம் அடித்து, கை வலித்துத் துடுப்பை வைத்ததாகவும், பிறகு நாற்காலியை விட்டு எழ மனம் வரவில்லை என்றும் எழுதியிருந்தார்.

அவள் இரண்டையும் வாசித்துக் காட்டினாள்.

"முதல் ஆள் சொல்றதும் நியாயம்தான்க்கா" என்றான் தம்பி.

"நியாயம்தான்" என்றாள் அவள்.