நாலாம் சுற்றில் ஓர் இருமல்

நேற்று மழை விட்டதும் பழைய கம்பளியை எடுத்து வேலியில் காயப்போட்டேன். ஈரக் கம்பளி நாற்றம் மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்குக் கம்பளி என்றால் குளிர் நினைவுக்கு வரும். எனக்குப் பாட்டு நினைவுக்கு வரும், கூடவே பயமும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது நான் இலங்கை மலையகத்தில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி டீச்சர். பிள்ளைகளோடு கத்திய நேரம் போக, கொப்பியின் பின்பக்கத்தில் பாட்டு எழுதுவேன். என் பாட்டுகளில் பாதி பனிமூட்டம், மீதி கண்ணீர். என்னோடு படித்த சசி பதுளையில் போன் திருத்தும் கடையில் வேலை பார்த்தான். முதலில் அவன் தாளத்தைப் போட்டு அனுப்புவான், நான் அதற்குள் சொல்லைத் திணிப்பேன். இடம் போதாவிட்டால் சண்டை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவன் வீட்டு முன்னறைதான் எங்கள் ஸ்டூடியோ. சத்தம் எதிரொலிக்காமலிருக்க நாலு சுவரிலும் கம்பளி தொங்கும். தகரத்தில் மழை விழுந்தால் வேலை நின்றுவிடும். பக்கத்து வீட்டில் தேங்காய் துருவினாலும் மைக்கில் கேட்கும் என்பதால், ஞாயிறு பகலில் பாதிச் சனம் டவுனுக்குப் போன பிறகுதான் பதிவோம்.

நான் சொல்ல வந்த பாட்டு ஒரு சாவு ஊர்வலத்தைப் பற்றியது. கம்ப்யூட்டர் தாளம் அதற்கு ஒட்டவேயில்லை. உண்மையான தப்பு மேளம் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். எங்கள் தோட்டத்தில் திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. கேட்டவுடனே சனத்துக்குத் தெரிந்துவிடும். தப்படிக்கும் செல்வம் அண்ணன் வந்து, பேப்பரைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சி, திருவிழா அடியைக் கணீரென்று அடித்துத் தந்தார். சாவு அடியைக் கேட்டதும் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"சாவு இல்லாம அத அடிக்கக்கூடாது தங்கச்சி. யாரையாச்சும் கூப்பிட்டுரும்."

வாசற்படியில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். ஃபாக்டரியில் முப்பது வருஷம் தேயிலைத் தூள் தின்ற நெஞ்சு அவருக்கு. சத்தம் போடமாட்டேன் என்று சத்தியம் செய்துதான் பார்க்க வந்திருந்தார்.

"அட, அடி செல்வம். எனக்கு அடிக்கிறப்ப எனக்கா கேக்கப் போவுது? இப்பவே கேட்டுட்டுப் போறேன்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வரும்.

செல்வம் அண்ணன் அடித்தார். கம்பளி என்ன செய்யும், சத்தம் லயம் முழுக்கப் போய்விட்டது. நாலாவது சுற்று முடிகிற இடத்தில் அப்பா அடக்க முடியாமல் இருமினார். இரண்டு இருமல், பிறகு "ச்சே, கெடுத்துட்டேனே" என்று ஒரு முனகல். திரும்ப அடிக்கச் சொல்ல வாயெடுத்தால், வாசலில் கீழ் லயத்துப் பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

"யாரு? யாரு போனது?"

"யாரும் போவல, பாட்டு" என்றான் சசி. அவர்கள் அவனைத் திட்டக்கூட இல்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பார்வை அப்பாவிடம் போய் நின்றது. அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

நாலே நாள். அப்பா அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். த்ரீவீலில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். வாட்டுக்கு வெளியே நான் சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நிற்கும்போது சசி எனக்குப் போன் எடுத்தான். அவனுக்கு விஷயம் தெரியாது.

"பாட்டு முடிஞ்சிருச்சு. அப்பா இருமல வெட்டாம வச்சிருக்கேன். கேட்டுப் பாரு, அதுதான் உயிரே."

உயிர் என்ற சொல் காதில் விழுந்ததும் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்தினேன்.

"அழிச்சிருடா. எல்லாத்தையும். ஒண்ணும் மிஞ்சக்கூடாது."

"பைத்தியமா ஒனக்கு? மூணு மாச வேல."

"எங்கப்பா உள்ள கெடக்கிறாருடா."

அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். அரைமணி நேரத்தில் நர்ஸ் வந்து, அப்பா கண் விழித்துவிட்டார் என்றார். தப்புச் சத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு டீச்சருக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் படிப்பாவது, மண்ணாவது. அழித்ததால்தான் பிழைத்தார் என்று நம்பினேன். அதற்குப் பிறகு ஒரு வரி பாட்டு எழுதவும் பயந்தேன்.

அப்பா இன்னும் நாலு வருஷம் இருந்தார். தீபாவளிக்குத் தீபாவளி கேட்பார், "நம்ம பாட்டு எங்க, ஒருக்கா போடேன்."

"கம்ப்யூட்டர் பழுதாப் போச்சுப்பா."

"என் இருமல்லதான் பழுதாயிருக்கும்" என்று சிரிப்பார். அந்தப் பொய்யை நான் கடைசிவரைக்கும் காப்பாற்றினேன்.

அவர் போனபோது செல்வம் அண்ணன்தான் அடித்தார். அதே அடி. அழுவதை விட்டுவிட்டு நான் சுற்றை எண்ணிக்கொண்டு நின்றேன். நாலாவது முடிகிற இடத்தில், என்னையறியாமல் காது கொடுத்தேன். செல்வம் அண்ணன் நிறுத்தாமல் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்.

என் போனில் அப்பாவின் படங்கள் நிறைய இருக்கின்றன. குரல் ஒன்றுகூட இல்லை. ஒரே வீட்டில் இருந்தவர் எனக்குக் குரல்பதிவு அனுப்ப என்ன தேவை? நேற்று ஈரக் கம்பளியில் முகத்தைப் புதைத்து, "ச்சே, கெடுத்துட்டேனே" என்று அவர் மாதிரியே சொல்லிப் பார்த்தேன். வந்தது என் குரல்தான். அவர் எப்படிச் சொன்னார் என்பது எனக்கு மறந்துகொண்டு வருகிறது. இப்போது எனக்கு இருக்கிற பயமெல்லாம் அதுதான்.