அயர்லாந்துப் பிரபு ஊர் திரும்பிய கதை

ஜேர்மனியின் எசன் நகரில் நான்காம் வகுப்புப் படித்தபோது, வாசிகசாலையில் எடுத்த ஒரு புத்தகத்தைப் பற்றி வகுப்பில் பேச வேண்டியிருந்தது. நான் எடுத்தது பதினேழாம் நூற்றாண்டு அயர்லாந்துப் பிரபு ஒருவரின் கதை. காரணம், அட்டையில் இருந்த குதிரை. ஆங்கிலேயரிடம் கோட்டையைப் பறிகொடுத்து, கப்பலேறி வந்து, இங்கே சக்கரவர்த்தியின் படையில் வாள் சுழற்றியவர். மூன்று காயங்கள்! நன்றாகப் பேசினால் 'ஒன்று' கிடைக்கும். ஜேர்மனியில் அதுதான் உச்சப் புள்ளி. எனக்கு அது வேண்டும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்களுடன் இருந்தார். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை, வேலை செய்ய அனுமதியும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பேச்சுப்போட்டிகளில் கிண்ணம் கிண்ணமாக வாங்கியவர் சும்மா இருப்பாரா? தலைகால் தெரியாமல் உற்சாகமாகிவிட்டார்.

"அவர் திரும்பிப் போனவரோ?"

"இல்லை மாமா, இஞ்சையே செத்துப்போனார்."

"அப்பிடி முடிக்க ஏலாது பிள்ளை. கோட்டைக்குத் திரும்பிப் போனார் எண்டு முடி. சனம் கை தட்டும்."

ஒரு கிழமை பயிற்சி. எங்கே குரலை உயர்த்துவது, எங்கே முஷ்டியை மடக்குவது, எல்லாம் மாமாவின் ஏற்பாடு.

மற்றப் பிள்ளைகள் தாளைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு அமர்ந்தார்கள். நான் எழுந்து, "பெருமதிப்புக்குரிய சபையோரே!" என்று ஜேர்மனில் முழங்கினேன். கோடு போடும் அடிமட்டம் கையில் வாளானது. "வந்தார்! தன் மண்ணுக்கே மீண்டு வந்தார்!" என்று மேசையில் ஓங்கிக் குத்தியதில் ரீச்சரின் கோப்பி கவிழ்ந்தது. வகுப்பே எழுந்து ஆரவாரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ரீச்சர் மேசையைத் துடைத்தபடி, அவர் திரும்பியது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். எனக்குக் கிடைத்தது 'இரண்டு'.

மாமாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் கோபத்துடன் வீட்டுக்கு ஓடினேன். அவர் கதவடியிலேயே ஒரு கடிதத்துடன் நின்றார். வீட்டுக்கு வரும் ஜேர்மன் கடிதங்களை வாசித்துச் சொல்வது என் வேலை. அவருடைய விண்ணப்பத்துக்கு முடிவு வந்திருந்தது. நீண்ட நீண்ட சொற்களைத் தட்டுத்தடுமாறித் தாண்டி, விளங்கிய வரிக்கு வந்ததும் என் கோபமெல்லாம் பறந்துவிட்டது.

"மாமா! உங்களை ஊருக்குத் திரும்பிப் போகட்டாம்!"

சந்தோஷத்தில் துள்ளித் துள்ளிக் கை தட்டினேன். மாமா ஏன் தட்டவில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை.