வாளிக்குள் கறுப்பு மணல்

பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுத வருவது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். முல்லைத்தீவுக் கடலோரத்தில் எங்கள் வீட்டு அறையில் கடலுயிர் ஆராய்ச்சிக்காக ஒரு மாதம் தங்கியிருந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மெலிந்தவர். வெயிலில் மூக்கு உரிந்திருக்கும். கல்லில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு என்ற உயிர் ஒன்றைக் கடல்நீர் வாளியில் வைத்திருந்தார். அதன் பக்கத்தில் குந்தியிருந்துதான் தேநீர் குடிப்பார். தினமும் அதன் மேல் எங்கள் கரையின் கறுப்பு மணலில் ஒரு சிட்டிகை தூவுவார்.

"என்ன தங்கச்சி, அதுக்குச் சாப்பாடே?"

"இல்லையக்கா. மண்ணை உள்ள எடுத்துத் தன்ர எலும்பாக்குதோ எண்டு பாக்கிறன். இந்த ஒண்டை நம்பித்தான் வந்தனான்."

ஒருநாள் அவர் வெளியே போயிருந்தார். பஞ்சின் மேல் மண் படிந்து கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. கடலில் இருந்து வரும் எதையும் நாங்கள் கிணற்று நீரில் அலசித்தான் வைப்போம். அப்படியே அதையும் கழுவி, வாளியையும் கிணற்று நீரால் நிரப்பினேன்.

வந்தவர் வாளிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"தண்ணி மாத்தினீங்களோ அக்கா?"

"ஓம், ஊத்தையாக் கிடந்தது."

"உப்பில்லாத நல்ல தண்ணியில இது செத்துப்போகுமக்கா."

பஞ்சை வெளியே எடுக்க நான் வாளிக்குள் கையை விட்டேன். அவர் என் ஈரக் கையைப் பிடித்துச் சிரித்தார்.

"என்னை ஒருநாளும் நீங்கள் இப்பிடிக் குளிப்பாட்டேல்லையே!"

அன்று குசினியில், அடுப்படியில் என் பக்கத்தில் குந்தியிருந்து தேநீர் குடித்தார். ஏன் கோபிக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் செத்த பஞ்சை வெட்டிப் பார்த்தார். நடுவில், நான் கழுவியும் போகாத கறுப்பு மணல் எலும்புபோலப் பின்னிக் கிடந்தது. அந்தத் துண்டைப் போத்தலில் போட்டுக்கொண்டு மத்தியான பஸ்ஸில் போனார்.